நாலு பேர், ஒரு ராத்திரி, மதுரை

அத்தைக்கு ஒரே ஒரு ஆசை. மீனாட்சியம்மன் கோயிலில் பள்ளியறை பூசையைக் கண்ணால் பார்க்க வேண்டும். என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாராம். புதுக்கோட்டையிலிருந்து மதுரை மூணு மணி நேரப் பயணம்தான். ஆனால் அந்தப் பூசை இரவு 9 மணிக்கு மேல் நடப்பது. சொக்கநாதரின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து அம்மன் சன்னதிக்குக் கொண்டுபோவார்கள். காலையில் போய் சாயங்காலம் திரும்புகிறவர்களுக்கு அது கிடைக்காது. தங்கித்தான் ஆக வேண்டும்.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். நான், அத்தை, பத்தாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன் என்று நாலு பேர். ஒரு ராத்திரி தங்கி, நாலு பேரும் வயிறாரச் சாப்பிட்டு, ஊர் சுற்றி வர எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுத்தான் கிளம்பினேன். முதல் தடவை அந்தக் கணக்கு முழுக்கத் தப்பாகிப் போனது. இரண்டாவது தடவை சரியாக அமைந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

முதல் தடவை போனது அரையாண்டு விடுமுறையில். ரூமுக்குச் சொல்லி வைக்கவில்லை. அவ்வளவு பெரிய ஊரில் நாலு பேருக்கு ஒரு ரூம் கிடைக்காமலா போகும் என்ற தைரியம். பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அத்தையையும் பையனையும் ஒரு கடை நிழலில் உட்கார வைத்துவிட்டு, நானும் மகளும் டவுன்ஹால் ரோடு பக்கம் ஒவ்வொரு லாட்ஜாக ஏறி இறங்கினோம். எங்கே பார்த்தாலும் கறுப்பு வேட்டியும் இருமுடியும். மார்கழி மாசம். சபரிமலைக்குப் போகிறவர்களும் திரும்புகிறவர்களும் மீனாட்சியைப் பார்க்காமல் போக மாட்டார்கள். பல ஊர், பல மாநிலத்து ஆட்கள் வேன் வேனாக வந்து இறங்கியிருந்தார்கள். ஏழு இடத்தில் "ரூம் இல்லம்மா" என்ற ஒரே பதில்தான்.

கடைசியில் ஒரு ஆட்டோக்காரர், "நல்ல ரூம் இருக்குக்கா, 900 ரூவாதான்" என்றார். விலை குறைவு என்ற சந்தோஷத்தில் ஏறிவிட்டோம். மாட்டுத்தாவணியையும் தாண்டிக் கொண்டுபோய் இறக்கினார். ரூம் மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை, கீழே போய்ச் சொல்லி, மோட்டார் போட்டு, அரை மணி நேரம் போனது. அதைவிடப் பெரிய கஷ்டம் தூரம். கோயிலுக்குப் போக ஆட்டோ 200. மதியம் நடை சாத்தியதும் அத்தைக்குப் படுக்க வேண்டும், திரும்பி வர 200. சாயங்காலம் மறுபடி 200. ராத்திரி திரும்ப 250. மறுநாள் காலை போக வர 400. ஆட்டோவுக்கு மட்டும் 1,250 ரூபாய். 900 ரூபாய் ரூம் 2,150 ரூபாய் ஆகிவிட்டது.

பணத்தை விடுங்கள். ராத்திரி 8 மணிக்குப் பொற்றாமரைக் குளத்துப் படியில் அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தால் பள்ளியறை பூசை. எனக்கு ஒரே பயம். பத்து மணிக்கு மேல் இரண்டு பிள்ளைகளோடும் வயசான அம்மாவோடும் ஊருக்கு வெளியே அவ்வளவு தூரம் ஆட்டோவில் போக வேண்டுமே என்று. "போயிரலாம் அத்தை" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. "பரவாயில்லம்மா. நான் வந்தது அவளுக்குத் தெரியும்" என்று எழுந்துவிட்டார். அந்தச் சொல் என்னை ஒரு வருசத்துக்கு மேல் உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால் அடுத்த முறை முதலில் முடிவு செய்தது ரூம் எங்கே என்பதைத்தான். எவ்வளவு என்பது அப்புறம்.

மதுரையில் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள். கோயிலுக்குள்ளேயே ஆடி வீதி, மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. சித்திரை வீதிகளில் வண்டி விடுவதில்லை. நீங்கள் எவ்வளவு காசு கொடுத்து ஆட்டோ பிடித்தாலும் கோபுர வாசலில் கொண்டுபோய் இறக்க மாட்டார்கள். கொஞ்சம் நடந்துதான் ஆக வேண்டும். அப்படியானால் நடக்கும் தூரத்திலேயே தங்கிவிடுவதுதான் புத்தி. ரயில்வே ஸ்டேஷனுக்கும் மேற்குக் கோபுரத்துக்கும் நடுவில், டவுன்ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, மேல மாசி வீதி இந்தப் பக்கம் முழுக்க லாட்ஜுகள்தான். சின்னது, பெரியது, பழையது, புதியது எல்லாம் உண்டு. ஸ்டேஷனிலிருந்து கோயில் ஒரு கிலோமீட்டர் இருக்கும். அந்த இடைவெளியில் எங்கே தங்கினாலும் இரண்டு பக்கமும் நடந்துவிடலாம்.

பெருமாள் மேஸ்திரி யார் என்று மகள் கேட்டாள். எனக்கும் அப்போதுதான் தெரிந்துகொள்ளத் தோன்றியது. மதுரையைச் சுற்றி முன்பு கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் அதை இடித்து, அகழியை மூடி, ஊரை வெளியே விரியவிட்டார். அந்த வேலையில் நின்றவர்கள் பெருமாள் மேஸ்திரியும் மாரட் என்ற சர்வேயரும். இருவர் பேரிலும் இன்றும் வீதிகள் இருக்கின்றன. கோட்டைக்கு வெளியே இருந்ததால்தான் அது வெளி வீதி. நாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லாட்ஜ் தேடும் தெரு ஒரு காலத்தில் கோட்டை அகழி என்று நினைத்தால் அந்த நடையே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. ஸ்டேஷனுக்கு எதிரே ராணி மங்கம்மாள் கட்டிய சத்திரமும் இருக்கிறது. வழிப்போக்கர்கள் படுத்து எழுந்து போகட்டும் என்று 300 வருசத்துக்கு முன்பு ஒரு ராணி நினைத்திருக்கிறார். மதுரைக்கு வருகிறவர்கள் தங்க இடம் தேடுவது அவ்வளவு பழைய விஷயம்.

இரண்டாவது பயணத்துக்கு, ஒரு வருசம் கழித்து வந்த மாசி மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு பார்த்தேன். நாள்காட்டியில் முகூர்த்தம் இல்லாத நாளாகத் தேடினேன். முகூர்த்த நாளில் கல்யாண வீட்டார் லாட்ஜை மொத்தமாக எடுத்துவிடுவார்கள். கார்த்திகை, மார்கழி ஐயப்ப சாமிமார் கூட்டம். பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்கு வருகிறவர்கள். தைப்பூசத்தில் தெப்பம். சித்திரையில் கேட்கவே வேண்டாம். இவற்றை விட்டுவிட்டால் மற்ற நாளில் ரூம் கிடைக்கும், வாடகையும் அடக்கமாக இருக்கும்.

பத்து நாள் முன்பே போன் செய்தேன். செயலியில் விலை பார்த்துவிட்டு, அந்த லாட்ஜுக்கே நேராகப் பேசினேன். அங்கே காட்டிய வாடகையைவிட 150 ரூபாய் குறைத்துச் சொன்னார்கள். இது எல்லா இடத்திலும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன், கேட்பதில் நட்டம் இல்லை. போனில் நான் கேட்ட முதல் கேள்வி, "24 மணி நேரக் கணக்கா, 12 மணிக் கணக்கா?" இது ரொம்ப முக்கியம். 24 மணி நேரக் கணக்கு என்றால் காலை 10 மணிக்கு ரூம் எடுத்தவர் மறுநாள் 10 மணிக்குக் காலி செய்தால் போதும். மதியம் 12-க்கு 12 என்றால், காலை 6 மணிக்கு ரயிலில் வந்து இறங்குகிறவரிடம் அந்த ஆறு மணி நேரத்துக்குத் தனியாகக் கேட்பார்கள், அல்லது 12 மணி வரை வாசலில் உட்கார வேண்டியிருக்கும். இந்த வட்டாரத்தில் இரண்டு விதக் கணக்கும் உண்டு. அதிகாலை வந்து சேருகிறவர்களுக்கு 24 மணி நேரக் கணக்குள்ள லாட்ஜ்தான் லாபம்.

அடுத்தது, நாலு பேருக்கு டபுள் ரூமா, டிரிபிள் ரூமா என்பது. டபுள் ரூமில் கூடுதல் மெத்தை போட்டுத் தருகிறேன் என்பார்கள். அந்த மெத்தைக்கும் ஒரு கட்டணம் உண்டு, கூட்டிப் பார்த்தால் டிரிபிள் ரூமுக்குப் பக்கத்தில் வந்துவிடும். நாங்கள் ஏ.சி. இல்லாத டிரிபிள் ரூம் எடுத்தோம். வாடகை 1,200, வரியோடு 1,260. வரியைப் பற்றியும் முன்பே கேளுங்கள். 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு முன்பு 12 சதவீதம். வாடகையில் வரி சேர்ந்திருக்கிறதா, தனியா என்று கேட்காமல் விட்டால் காலி செய்யும்போது மனக்கசப்பு வரும்.

லிப்ட் இருக்கிறதா, பாத்ரூமில் வெஸ்டர்ன் டாய்லெட்டா, வெந்நீர் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்பதெல்லாம் அத்தைக்காகக் கேட்டது. "பார் இருக்கா?" என்று எனக்காகக் கேட்டேன். பெண்களும் பிள்ளைகளுமாகத் தங்கும்போது பார் இல்லாத இடமாகப் பார்ப்பது நிம்மதி. அந்த லாட்ஜ் மேனேஜர் சங்கடப்படாமல், "இல்லம்மா, குடும்பம் தங்குற இடம்தான். ரூமைப் பாத்துட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க" என்றார். அந்தப் பதிலுக்காகவே அங்கே எடுத்தேன். ரூமைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள் என்று சொல்கிற இடத்தில் பெரும்பாலும் ஒளிப்பதற்கு ஒன்றும் இருக்காது.

போனதும் குழாயைத் திறந்து பார்த்தேன், பிளஷ் அடித்துப் பார்த்தேன், உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்தேன். விரிப்பு சுத்தமாகத்தான் இருந்தது, இருந்தாலும் மாற்றச் சொன்னேன். ரோட்டைப் பார்த்த ரூம் காட்டினார்கள். காற்று நன்றாக வரும், ஆனால் ஹாரன் சத்தம் ராத்திரி முழுக்க ஓயாது. உள்பக்கம் இருந்த ரூமைக் கேட்டு வாங்கினோம். ஆதார் அட்டை பெரியவர்கள் எல்லோருக்கும் கேட்டார்கள். அத்தை தன்னுடையதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரப் பார்த்தார், நல்லவேளை கிளம்பும்போது எடுத்துக்கொண்டோம்.

வேறு வழிகளும் உண்டு. ரயிலில் வருகிறவர்களுக்கு ஸ்டேஷன் ஓய்வறை ரயில்வேயின் இணையதளத்திலேயே பதிவு செய்யக் கிடைக்கும். உறுதியான டிக்கெட்டின் பி.என்.ஆர். எண் வேண்டும் என்பதால் பஸ்ஸில் வரும் எங்களுக்கு அது ஆகாது. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு மதுரையில் இரண்டு இடத்தில் இருக்கிறது. மேல வெளி வீதியில் ஒன்று, அழகர்கோவில் ரோட்டில் ஒன்று. வெளி வீதியில் இருப்பது ஸ்டேஷனுக்குப் பக்கம். கோயிலின் தங்கும் விடுதியும் உண்டு, அதற்கு முன்கூட்டியே முயற்சி செய்ய வேண்டும்.

சனிக்கிழமை காலை மாட்டுத்தாவணியில் இறங்கினோம். சென்னை, திருச்சி, எங்கள் ஊர், ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்துப் பஸ்கள் எல்லாம் அங்கேதான் வரும். கோயம்புத்தூர், தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஆரப்பாளையத்தில் இறங்குவார்கள், அது ஊருக்கு இன்னும் பக்கம். மாட்டுத்தாவணியில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். இந்தத் தடவை நேராக டவுன் பஸ் நிற்கும் பக்கம் போய்ப் பெரியார் பஸ்ஸில் ஏறினோம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எங்கள் நாலு பேரில் பையனுக்கு மட்டும் அரை டிக்கெட் எடுத்தேன். போன தடவை ஆட்டோவுக்குக் கொடுத்த 200 ரூபாய் ஞாபகம் வந்தது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. மதுரையில் குறைந்த செலவில் நன்றாகச் சாப்பிட ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது. எந்தப் பொழுதுக்கு எது என்று ஊர்க்காரர்கள் வைத்திருக்கிறார்களோ, அந்தப் பொழுதில் அதைச் சாப்பிடுங்கள். அப்போதுதான் சூடாகவும் கிடைக்கும், அடக்க விலையாகவும் இருக்கும். காலை இட்லிக்கு, மதியம் மெஸ் சாப்பாட்டுக்கு, சாயங்காலம் பலகாரத்துக்கும் பருத்திப்பாலுக்கும், ராத்திரி பரோட்டாவுக்கும் தோசைக்கும். மதியம் 3 மணிக்கு மெஸ்ஸில் போய் உட்கார்ந்தால் குழம்பு அடியாகிவிட்டிருக்கும். காலை 11 மணிக்குப் பரோட்டா கேட்டால் நேற்றைய மாவாகக்கூட இருக்கலாம்.

இட்லிக்கு மேல மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் சின்னக் கடைக்குப் போனோம். பேர்ப்பலகைகூட இல்லை. லாட்ஜ் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அக்காவிடம், "நீங்க எங்கக்கா சாப்பிடுவீங்க?" என்று கேட்டதற்குக் கை காட்டிய இடம் அது. "நல்ல ஓட்டல் எது" என்று கேட்டால் நம் உடையைப் பார்த்துவிட்டுப் பெரிய ஓட்டலைச் சொல்வார்கள். "நீங்க எங்க சாப்பிடுவீங்க" என்று கேட்டால்தான் உண்மையான பதில் வரும். பஞ்சு மாதிரி இட்லி, தேங்காய்ச் சட்னி, காரச் சட்னி, மல்லிச் சட்னி, சாம்பார். சட்னியை மதுரையில் கொஞ்சம் தண்ணியாகத்தான் ஊற்றுவார்கள், இட்லி அதில் ஊற வேண்டும் என்பதற்காக. பையன் ஆறு இட்லி சாப்பிட்டான், வீட்டில் மூணுக்கு மேல் தொட மாட்டான். நாலு பேருக்கும் டீ, காபியோடு 230 ரூபாய். பேர்பெற்ற இடத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பவர்களுக்கு முருகன் இட்லிக் கடை இருக்கிறது. அது மதுரையில் பிறந்ததுதான். விலை கொஞ்சம் கூடும், சட்னிக்காகப் போகலாம்.

கையில் பணம் ரொம்பக் குறைவாக இருக்கும் நாளும் வரும். அப்படி ஒரு நாளில் அம்மா உணவகத்தை மறக்க வேண்டாம். காலையில் இட்லி 1 ரூபாய், மதியம் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். 2013-இல் தொடங்கியபோது வைத்த விலை. கூச்சப்பட ஒன்றுமில்லை. கட்டட வேலைக்குப் போகிறவர்களும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும் வரிசையில் நிற்பார்கள், நாமும் நிற்கலாம். கோயிலிலும் அன்னதானம் உண்டு. அத்தை சனிக்கிழமை ஒரு பொழுதுதான் சாப்பிடுவார். அன்று மதியம் அன்னதானப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்து, "அவ வீட்லயே சாப்பிட்டேன்" என்றார். அந்த முகத்தில் இருந்த நிறைவை நான் எந்த ஓட்டலிலும் வாங்கித் தந்திருக்க முடியாது.

நாங்கள் மூணு பேரும் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு வேலை செய்தோம். மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஆளுக்கு ஒரு சாப்பாடு வாங்க வேண்டும், பங்கு போட விட மாட்டார்கள், அது நியாயம்தான். ஆனால் பார்சல் சாப்பாடு ஒன்று வாங்கினால் சோறு இரண்டு பேருக்குத் தாராளமாகக் காணும். சாம்பார், ரசம், வத்தக்குழம்பு, கூட்டு, பொரியல், மோர், அப்பளம் எல்லாம் கட்டித் தருவார்கள். இரண்டு பார்சல் வாங்கி, கூடவே இரண்டு வாழையிலை கேட்டு வாங்கி, ரூமில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்து சாப்பிட்டோம். 260 ரூபாய். சாப்பிட்டு அப்படியே காலை நீட்டலாம் என்பது இன்னொரு வசதி. எச்சில் இலையை அந்தப் பையிலேயே கட்டிக் கீழே குப்பைத் தொட்டியில் போட்டுவிடுங்கள், ரூமில் விட்டால் எறும்பு வரும்.

கறிச் சாப்பாடு வேண்டும் என்பவர்களுக்கு மதுரை மெஸ்களைப் பற்றி ஒரு வார்த்தை. சாப்பாட்டுக்குக் கோழி, ஆடு, மீன் என்று குழம்பு வகைகள் கூடவே வரும், அதற்குத் தனிக் காசு இல்லை. உட்கார்ந்ததும் பரிமாறுகிறவர் ஒரு பெரிய தட்டில் சுக்கா, கோலா உருண்டை, ஈரல், நண்டு, அயிரை மீன் எல்லாம் சின்னச் சின்னக் கிண்ணத்தில் அடுக்கிக் கொண்டுவந்து காட்டுவார். பார்த்ததும் கை நீளும். அந்தக் கிண்ணங்களுக்குத்தான் பில். விலையைக் கேட்டுவிட்டு எடுங்கள், கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் பிள்ளைகளும் அப்படி ஒரு மெஸ்ஸில் இரண்டு சாப்பாடும் மகனுக்குத் தனியாக வெறும் சோறும் சொல்லி, ஒரே ஒரு மட்டன் சுக்கா எடுத்து மூணு பேரும் பங்கிட்டோம். குழம்புகளே போதுமாக இருந்தன. ஆனால் 12.30-க்கெல்லாம் போய்விட்டோம், ஒரு மணிக்கு மேல் நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்கிறார்கள்.

சனிக்கிழமைக்கே வருகிறேன். கோயில் நடை மதியம் 12.30 மணியளவில் சாத்தினால் 4 மணிக்குத்தான் திறக்கும். வெளியூர்க்காரர்கள் காசை விடுவது இந்த இடைவெளியில்தான். போக்கிடம் இல்லாமல் ஏதாவது கடையில் ஏறி எதையாவது வாங்குவோம், வெயிலுக்குப் பயந்து ஆட்டோ பிடிப்போம். பக்கத்தில் ரூம் இருந்ததால் அத்தை படுத்துத் தூங்கினார். நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் புது நத்தம் ரோட்டில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனேன். 2023 ஜூலை 15-இல் திறந்தது. கட்டணம் இல்லை, குளுகுளுவென்று இருக்கிறது, சுத்தமான கழிப்பறை, சிறுவர்களுக்கென்றே தனிப் பகுதி. மகனை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை. பிள்ளைகளோடு மதுரைக்கு வருகிறவர்கள் ஒரு மதியத்தை இதற்கு வைக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். மறுநாள் காலை தமுக்கத்தில் காந்தி மியூசியம் பார்த்தோம், அதற்கும் கட்டணம் இல்லை. ராணி மங்கம்மாளின் கோடை அரண்மனையாக இருந்த கட்டடம். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி அங்கே இருக்கிறது. மகள் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். நாயக்கர் மகாலுக்கு இந்தத் தடவை நேரம் இல்லை.

சாயங்காலம் 4 மணிக்கு மேல் மாசி வீதிகளில் ஒரு நடை நடந்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பாதி வயிறு நிறைந்துவிடும். தள்ளுவண்டியில் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊற வைத்து அரைத்துப் பால் எடுத்து, கருப்பட்டி, சுக்கு, தேங்காய் சேர்த்துக் காய்ச்சுவது. நெஞ்சுச் சளிக்கு நல்லது என்று அத்தை பையனைக் குடிக்க வைத்தார், அவன் இன்னொரு தம்ளர் கேட்டான். முள்ளு முருங்கை வடை பச்சையாக, மிளகுப் பொடி தூவி. விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. அந்தத் தூண் முன்னே சொன்ன பிளாக்பர்ன் கலெக்டர் நினைவாக வைத்தது. ஜிகர்தண்டாவில் பாதாம் பிசின், சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம். பெரிய தம்ளர் வாங்கி இரண்டு பேர் குடிப்பதைவிடச் சின்ன தம்ளர் இரண்டு வாங்குவது பிள்ளைகள் சண்டைக்கு நல்லது. தண்ணீர் பாட்டில் மட்டும் வாங்காதீர்கள். நாலு பேர் நாலு தடவை வாங்கினால் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு போய்விடும். லாட்ஜில் குடிதண்ணீர் இருக்கிறதா என்று கேட்டு, வீட்டுப் பாட்டில்களை நிரப்பிக்கொண்டோம்.

ஏழு மணிக்கு ரூமுக்கு வந்து போன்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை. வாசலில் பாதுகாப்பாக வைக்க இடம் உண்டு, ஆனால் கூட்ட நாளில் அங்கேயே ஒரு வரிசை நிற்கும். பக்கத்தில் ரூம் இருப்பவர்களுக்கு அந்த வரிசை மிச்சம். செருப்பையும் ரூமிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு போனோம். சாயங்காலம் என்பதால் ரோடு சுடவில்லை.

பள்ளியறை பூசையை அத்தை பார்த்தார். வெள்ளிப் பல்லக்கு, முன்னால் நாதஸ்வரம், மேளம், சாமரம், சாம்பிராணி வாசம். கூட்டத்தில் யாரோ ஒரு அம்மா, "வயசானவங்க, முன்னாடி விடுங்கய்யா" என்று சொல்லி அத்தையைக் கையைப் பிடித்து முன்னே நிறுத்தினார். தூபம் மறையும் வரைக்கும் அத்தை கண்ணை இமைக்கவில்லை. நான் பல்லக்கைப் பார்த்ததைவிட அவரைத்தான் அதிகம் பார்த்தேன்.

வெளியே வரும்போது பத்து மணியை நெருங்கிவிட்டது. மேற்குக் கோபுரத்திலிருந்து டவுன்ஹால் ரோடு வழியாக மெதுவாக நடந்தோம். கடைகள் பாதிக்கு மேல் திறந்திருந்தன, பூக்கார அம்மா மல்லிகைக் கூடையோடு உட்கார்ந்திருந்தார், டீக்கடையில் கூட்டம். தூங்கா நகரம் என்று சும்மா சொல்லவில்லை. போன தடவை எனக்கு இருந்த பயத்தில் ஒரு துளிகூட இல்லை. வழியில் ஒரு கடையில் பிள்ளைகளுக்குப் பரோட்டா, சால்னா, கலக்கி. சால்னா எத்தனை தடவை கேட்டாலும் ஊற்றினார்கள். கறிதோசை கேட்டான் பையன். அதற்குச் சிம்மக்கல் கோனார் கடைக்குத்தான் போக வேண்டும் என்று கடைக்காரரே சொன்னார். தோசை மேல் முட்டை, அதன் மேல் கறி என்று கனமாக இருக்குமாம், ஒன்று வாங்கினால் இரண்டு பேர் சாப்பிடலாமாம். அது அடுத்த முறைக்கு.

ஞாயிறு காலை 10 மணிக்கு ரூமைக் காலி செய்தோம். பெட்டிகளை மேனேஜர் மேசைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார், காசு வாங்கவில்லை. ஊர் சுற்ற நினைப்பவர்கள் இதையும் போனிலேயே கேட்டு வையுங்கள். இல்லையென்றால் பெட்டியோடு அலைவதற்காகவே இன்னும் அரை நாள் வாடகை கொடுக்க வேண்டி வரும். இரண்டு நாளிலும் ஆட்டோ பிடித்தது ஒரே தடவை, தமுக்கத்திலிருந்து திரும்பும்போது, 150 ரூபாய். ரூமும் ஆட்டோவும் சேர்த்து 1,410 ரூபாய். போன தடவை 2,150. மிச்சமான காசில் ஸ்டேஷன் எதிரே பிரேமா விலாஸில் சூடாக அல்வா வாங்கினோம், பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்து.

பெட்டியை எடுக்கப் போனபோது அத்தை மேனேஜரிடம், "தம்பி, அழகர் ஆத்துல எறங்குறப்ப ரூம் கெடைக்குமா?" என்று கேட்டார். எனக்கே அது புதுச் செய்தி.

"கெடைக்கும்மா. பங்குனி பொறக்குறதுக்குள்ள சொல்லிரணும். அப்புறம் கேட்டா என்னாலயே குடுக்க முடியாது. வாடகையும் இது இருக்காது, கூடத்தான் இருக்கும்."

"கூட இருக்கட்டும். கீழ் ரூமா இருக்கணும்" என்றார் அத்தை. மேனேஜர் நோட்டை எடுத்தார். என் போன் நம்பரை நான் சொல்லச் சொல்ல, அத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார், ஒரு எண்ணும் தப்பிவிடக் கூடாது என்று.